போன் நெட்டில் லேப்டாப்: கேபிளா, ஹாட்ஸ்பாட்டா?

கேள்வி சுருக்கமாக இது: “வீட்டு பிராட்பேண்ட் அடிக்கடி போய்விடுகிறது. போனில் டேட்டா மிச்சம் இருக்கிறது. ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் வேலை செய்தால் மெதுவாக இருக்கிறது, போன் சுடுகிறது, டேட்டாவும் எங்கே போகிறது என்றே தெரியாமல் தீர்ந்துவிடுகிறது. இதைச் சரியாகச் செய்வது எப்படி?”

முதலில் நேரடிப் பதில். மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்வதாக இருந்தால் யூஎஸ்பி கேபிள். கால் மணி நேர வேலைக்கு வைஃபை ஹாட்ஸ்பாட் போதும். புளூடூத், வேறு வழியே இல்லாதபோது மட்டும். ஆனால் வேகம் குறைவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதில் இல்லை. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

லேப்டாப்புக்கு வரும் நெட் இரண்டு கட்டமாக வருகிறது. டவரிலிருந்து போன் வரை ஒரு கட்டம், போனிலிருந்து லேப்டாப் வரை இன்னொரு கட்டம். நம்மில் பலர் இரண்டாவது கட்டத்தைத்தான் நோண்டிக்கொண்டிருப்போம். ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போடுவோம், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்வோம். கோளாறோ முதல் கட்டத்தில் இருக்கும். எதில் கோளாறு என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, நீங்கள் வேலை செய்யும் அதே இடத்தில், போனிலேயே ஒரு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். அப்புறம் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் ஒன்று. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால், போனுக்கே அவ்வளவுதான் கிடைக்கிறது. கேபிள் மாற்றினாலும் லேப்டாப் மாற்றினாலும் பயன் இல்லை. போனில் 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) வந்து லேப்டாப்பில் 8 மட்டும் வந்தால், அப்போதுதான் இரண்டாவது கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் கட்டத்தைச் சரிசெய்ய நம்மிடம் இருக்கும் ஒரே பெரிய ஆயுதம், போனை வைக்கும் இடம். சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். அதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. ஆண்ட்ராய்டில் போனைப் பற்றிய விவரப் பக்கத்துக்குள் போய் சிம் நிலையைப் பார்த்தால், பெரும்பாலான போன்களில் டிபிஎம் என்ற அளவில் ஒரு எதிர்ம எண் இருக்கும். 4ஜியில் அது -85 பக்கம் இருந்தால் நல்ல சிக்னல். -110க்குக் கீழே போனால் இழுபறி. -120 என்றால் போன் டவரைத் தொங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த அளவில் 10 புள்ளி ஏறினால் போனுக்கு வந்துசேரும் சிக்னலின் பலம் பத்து மடங்கு கூடுகிறது. உள் அறையிலிருந்து ஜன்னலோரம் போனை நகர்த்தினால் 10 புள்ளி ஏறுவது சாதாரணம். இரும்பு அலமாரிக்குப் பக்கத்திலோ, லேப்டாப் மூடிக்குப் பின்னாலோ போனை வைத்திருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள்.

சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால் டவரில் கூட்டம். ஒரு டவரின் கொள்ளளவை அந்த நேரத்தில் அதில் இருப்பவர்கள் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். காலையில் பறந்த நெட் இரவு ஒன்பது மணிக்கு ஊர்ந்தால் அதுதான் காரணம், நம் கையில் அதற்கு மருந்து இல்லை. இன்னொன்று, 5ஜி சிக்னல் விளிம்பில் இருக்கும் இடத்தில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் வீடியோ கால் ஒரு நொடி உறையும். அங்கே 4ஜியில் மட்டும் இருக்கும்படி செட்டிங்ஸில் பூட்டி வைப்பது நல்லது. உச்ச வேகம் குறையலாம், ஆனால் மீட்டிங்கின் நடுவே முகம் சிலையாகாது.

இங்கேதான் நான் முதலில் சொன்ன ‘நீண்ட வேலைக்குக் கேபிள்’ என்பதற்கு ஒரு விதிவிலக்கு. கேபிளில் போட்டால் போன் லேப்டாப்பிலிருந்து அந்தக் கேபிளின் நீளத்துக்குள்தான் இருக்க முடியும். உங்கள் மேசை இருக்கும் இடத்தில் சிக்னல் மோசம், ஜன்னலில் நன்றாக இருக்கிறது என்றால், போனை ஜன்னலோரம் சார்ஜரில் போட்டுவிட்டு வைஃபை ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்வதுதான் வேகம். அப்படி வைக்கும்போது நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சரி, இரண்டாவது கட்டம். ஹாட்ஸ்பாட் என்பது போன் ஒரு குட்டி வைஃபை ரௌட்டராக மாறுவது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடலாம், 5 கிகாஹெர்ட்ஸிலும் ஓடலாம். 2.4 தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள், புளூடூத் மவுஸ், ஹெட்செட், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே சந்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும்கூட அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். லேப்டாப்பில் அதைச் செருகியதும் வைஃபை தள்ளாடினால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், வேகம் அதிகம், தூரம் குறைவு. போனும் லேப்டாப்பும் ஒரே அறையில் இருந்தால் 5தான் என் தேர்வு. ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள் ‘பேண்ட்’ என்று இருக்கும். ஐபோன் 12 முதல் வந்த மாடல்களில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட்டால் 2.4க்கு இறங்கும். ஹாட்ஸ்பாட் பெயரே லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப்கள் சிலவற்றின் வைஃபை கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாது.

இப்போது கேபிள். இதற்கு யூஎஸ்பி டெதரிங் என்று பெயர். டெதர் என்றால் மாட்டைக் கட்டும் தும்பு. லேப்டாப்பைப் போனில் கட்டிப்போடுகிறோம், அவ்வளவுதான். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேகம் அல்ல, நிதானம். நடுவில் காற்று இல்லை. பக்கத்து வீட்டு ரௌட்டர் என்ன செய்தாலும் கவலை இல்லை. யூஎஸ்பி 2 கேபிளின் ஏட்டளவு வேகமே 480 எம்பிபிஎஸ். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலும், பெரும்பாலான இடங்களில் டவரிலிருந்து வருவதைவிட அது அதிகம். போதாக்குறைக்குப் போன் சார்ஜும் ஆகிறது.

ஆண்ட்ராய்டில் முதலில் கேபிளைச் செருக வேண்டும், அப்புறம் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட வேண்டும். செருகாதவரை அந்தப் பொத்தான் மங்கலாகவே இருக்கும். செருகியும் மங்கலாக இருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். பவர் பேங்க், விளக்கு, ஹெட்போன் போன்றவற்றோடு வரும் கேபிள்களில் பல, சார்ஜுக்கு மட்டுமே ஆனவை. தகவல் போகும் கம்பியே உள்ளே இருக்காது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒருமுறை அவசர வேலைக்கு நடுவே அரை மணி நேரம் டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்), அப்டேட் என்று நான் அலைந்ததற்கு இப்படி ஒரு கேபிள்தான் காரணம்.

விண்டோஸும் லினக்ஸும் ஆண்ட்ராய்டு போனை எந்தத் தயாரிப்பும் இல்லாமலே நெட்வொர்க் கார்டாக ஏற்றுக்கொள்ளும். மேக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆண்ட்ராய்டு போன்கள் நெடுங்காலமாக ஆர்என்டிஐஎஸ் என்ற மைக்ரோசாஃப்ட் நெறிமுறையில் பேசுகின்றன. மேக்கில் அதற்கு ஆதரவு இல்லை. என்சிஎம் என்ற பொது நெறிமுறைக்கு மாறிவிட்ட புதிய போன்கள் மேக்கிலும் நேராக வேலை செய்யும். உங்கள் போன் அப்படி இல்லையென்றால் மேக்கில் வைஃபைதான் வழி. ஐபோனுக்கு இது தலைகீழ்: மேக்கில் செருகினால் போதும்; விண்டோஸில் ஆப்பிளின் டிரைவர் வேண்டும், அது ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலியோடு வரும். முதல் முறை செருகும்போது ‘இந்தக் கணினியை நம்பலாமா’ என்று ஐபோன் கேட்பதற்கு ஆம் சொல்ல மறக்காதீர்கள்.

கேபிளில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் இருக்கும்போது யூஎஸ்பி டெதரிங் போட்டால், அந்த வைஃபையே லேப்டாப்புக்குப் போகும். அதாவது போன் ஒரு வைஃபை கார்டாக மாறிவிடுகிறது. வைஃபை கெட்டுப்போன லேப்டாப்புக்கும், வைஃபையே இல்லாத மேசைக் கணினிக்கும் இது உயிர் காக்கும். புதிதாக விண்டோஸோ லினக்ஸோ நிறுவிவிட்டு, வைஃபை டிரைவர் இல்லாமல், டிரைவரை இறக்க நெட் இல்லாமல், நெட்டுக்கு டிரைவர் இல்லாமல் விழிப்பவர்கள் ஒரு ஆண்ட்ராய்டு போனைச் செருகினால் பிரச்சினை தீர்ந்தது.

புளூடூத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. அதன் ஏட்டளவு வேகம் 3 எம்பிபிஎஸ். கையில் கிடைப்பது ஒன்றிரண்டு. மெயில், அரட்டை ஓடும். பேட்டரியைக் குறைவாகத் தின்னும், அது ஒன்றுதான் பெருமை. ஆனால் இதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பட்டன் போனை புளூடூத்திலோ கேபிளிலோ கோர்த்து, *99# என்ற எண்ணை லேப்டாப் ‘டயல்’ செய்ய, ஜிபிஆர்எஸ் என்ற 2ஜி காலத்து நெட்டில் நொடிக்குச் சில பத்து கிலோபிட் சொட்டுச் சொட்டாக வந்த காலத்தில் நாங்கள் அதிலேயே வேலை பார்த்திருக்கிறோம். ஆண்ட்ராய்டில் வைஃபை ஹாட்ஸ்பாட் 2010இல் 2.2 பதிப்போடுதான் வந்தது. ஐபோனில் 2009இல் கேபிளும் புளூடூத்தும் வந்தன, வைஃபை 2011இல்தான் பரவலாக வந்தது.

இனி டேட்டா. இதுதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன். போனில் நாள் முழுக்கப் பார்த்தாலும் தீராத டேட்டா, லேப்டாப்பில் ஒரு மணி நேரத்தில் எப்படித் தீர்கிறது? போனில் இருக்கும் செயலிகளுக்குத் தாங்கள் மொபைல் டேட்டாவில் இருக்கிறோம் என்று தெரியும், அடக்கி வாசிக்கும். லேப்டாப்புக்குத் தெரிவதோ ‘வைஃபை இருக்கிறது’ என்பது மட்டும்தான். அந்த வைஃபைக்குப் பின்னால் அளவு போட்ட டேட்டா இருக்கிறது என்று பெரும்பாலும் நாம் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் சிஸ்டம் அப்டேட், ஆன்டிவைரஸ் அப்டேட், கிளவுடில் புகைப்படம் ஏற்றுவது, கேம் அப்டேட் எல்லாம் ‘நெட் வந்துவிட்டது’ என்று ஒன்றாகக் கிளம்பும். பிராட்பேண்ட் போன நேரத்தில் தேங்கி நின்றவையும் சேர்ந்துகொள்ளும். ஒரு நாள் நான் இரண்டு பக்கக் கட்டுரையை அனுப்ப ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டு எழுந்துபோனேன். திரும்பி வருவதற்குள் பின்னணியில் ஏதோ ஒரு அப்டேட் அன்றைய டேட்டாவை முழுக்க முடித்துவிட்டது. கட்டுரை போகவில்லை.

விண்டோஸில் இதற்கு ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், நீங்கள் இணைந்திருக்கும் ஹாட்ஸ்பாட்டின் விவரங்களைத் திறந்தால் தெரியும். போட்டுவிட்டால் பெரிய அப்டேட்கள் பெரும்பாலும் காத்திருக்கும், ஒன்டிரைவும் ஒத்திசைவை நிறுத்திக்கொள்ளும். இதில் ஒரு பொறி உண்டு. இந்த அமைப்பு ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனித்தனி. வைஃபை ஹாட்ஸ்பாட்டுக்குப் போட்டுவிட்டு, மறுநாள் கேபிளில் செருகினால், விண்டோஸுக்கு அது ஈத்தர்நெட். அளவே இல்லாத நெட் என்று நினைத்து இழுக்கத் தொடங்கிவிடும். கேபிளில் செருகிய பிறகு அதற்கும் ஒருமுறை போட வேண்டும். மேக்கில் வைஃபை விவரங்களுக்குள் ‘லோ டேட்டா மோடு’ என்று இருக்கும். மற்ற நிறுவனங்களின் கிளவுட் செயலிகள் இவற்றை மதிக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காமல் கையாலேயே நிறுத்திவையுங்கள்.

எது எவ்வளவு தின்னும் என்று மனக்கணக்குப் போட ஒரு வாய்பாடு போதும்: 1 எம்பிபிஎஸ் விடாமல் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. நல்ல தரத்தில் இருவர் பேசும் வீடியோ கால் போக வர சேர்த்து 2 எம்பிபிஎஸ் சுற்றி ஓடும். ஆக மணிக்கு 900 எம்பி. கேமராவை அணைத்துக் குரல் மட்டும் என்றால் மணிக்குச் சில பத்து எம்பியில் முடிந்துவிடும். 5 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் முழு எச்டி வீடியோ மணிக்கு 2 ஜிபியைத் தாண்டும். லேப்டாப் திரை பெரிது என்பதால் வீடியோ தளங்கள் தாமாகவே உயர்ந்த தரத்துக்குப் போகும், அதையும் கையால் இறக்கிவையுங்கள். மெயில், எழுத்து வேலை, சாதாரணப் பக்கங்கள் இவற்றுக்காகக் கவலைப்படவே வேண்டாம்.

போன் சூடாவதற்கு வருவோம். ஹாட்ஸ்பாட்டில் போன் ஒரே நேரத்தில் டவரோடும் லேப்டாப்போடும் பேசுகிறது. இரண்டு ரேடியோவும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. டவர் தூரமாக இருந்தால் இன்னும் உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. கூடவே வேகமான சார்ஜரையும் போட்டால் மூன்று சூடும் சேர்கிறது. லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது சூடுதான். ஹாட்ஸ்பாட்டால் பேட்டரி கெட்டது என்று சொல்கிறவர்களுக்கு உண்மையில் கெடுத்தது அதுதான். உறையைக் கழற்றுங்கள், மெத்தை மேலும் தலையணைக்கு அடியிலும் வைக்காதீர்கள், சுற்றிக் காற்று போகட்டும். கேபிளில் இந்தத் தொல்லை குறைவு: வைஃபை ரேடியோவை அணைத்துவிடலாம், லேப்டாப்பின் சாதாரண யூஎஸ்பி துளை மெதுவாகத்தான் சார்ஜ் ஏற்றும். யூஎஸ்பி 2 துளையில் 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3இல் 900. போன் செலவழிப்பதை ஈடுகட்டிக் கொஞ்சம் மிஞ்சும். ஒரே ஒரு எச்சரிக்கை: மின்சாரம் இல்லாதபோது அந்த சார்ஜ் லேப்டாப் பேட்டரியிலிருந்து போகிறது.

சில விஷயங்கள் போன் நெட்டில் ஏன் நடக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்க இதையும் தெரிந்துகொள்ளுங்கள். லேப்டாப்பிலிருந்து வெளியே போவது எல்லாம் போகும். வெளியிலிருந்து உங்கள் லேப்டாப்பைத் தேடி நேராக உள்ளே வருவது பெரும்பாலும் நடக்காது. லேப்டாப்புக்கு ஐபி முகவரி (நெட்டில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) தருவது போன். போனுக்கே பெரும்பாலும் பொது முகவரி கிடையாது, மொபைல் நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களை ஒரு முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைத்திருக்கிறது. அதனால் லேப்டாப்பில் சர்வர் நடத்துவது, போர்ட் திறப்பது எல்லாம் இங்கே எடுபடாது. அடுத்தது விபிஎன், அதாவது நெட்டுக்குள் பூட்டிய தனிப் பாதை. போனில் விபிஎன் போட்டிருந்தாலும் ஹாட்ஸ்பாட்டில் வரும் லேப்டாப் பொதுவாக அதற்கு வெளியேதான் போகிறது. அலுவலக விபிஎன்னை லேப்டாப்பிலேயே போடுங்கள். விபிஎன் இணைந்த பிறகு சில பக்கங்கள் திறந்து சில பாதியில் நின்றால், பெரும்பாலும் பாக்கெட் (தகவலைத் துண்டுபோட்டு அனுப்பும் பொட்டலம்) அளவு பெரிதாகப் போகிறது என்று பொருள்; அதன் உச்ச அளவான எம்டியூ என்ற எண்ணை 1300 பக்கம் இறக்கச் சொல்லி ஐடி ஆட்களிடம் கேளுங்கள்.

திட்டத்தின் நிபந்தனைகளையும் ஒருமுறை படியுங்கள். போனில் ‘அளவில்லா’ என்று இருக்கும் சில திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி அளவு உண்டு. மொபைல் நிறுவனத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது, ஒரு கருவியைத் தாண்டும்போது ஒன்று குறையும். போனிலிருந்தே கிளம்பியது 64 என்று போகும். விண்டோஸில் 128 என்று கிளம்பியது போனைத் தாண்டி 127 ஆகப் போகும். வாசலில் நிற்பவருக்கு அது போதும்.

ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள், பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ 2 அல்லது 3 போடுங்கள். ஐபோனில் ஹாட்ஸ்பாட்டின் பெயர் போனின் பெயர்தான். உங்கள் முழுப் பெயர் அதில் இருந்தால் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் படிப்பார்கள். லேப்டாப் ஐபோனைக் கண்டுகொள்ளவில்லை என்றால் பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தபடியே வைத்திருந்து இணையுங்கள். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் போடவே விடவில்லை என்றால் டேட்டா சேவர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டு சிம் உள்ள போனில் மற்ற சிம்முக்கு அழைப்பு வந்தால் பேசி முடிக்கும்வரை நெட் நிற்கக்கூடும். முக்கியமான கூட்டத்துக்கு முன் அந்த சிம்மை அணைத்துவிடுவது நல்லது.

மாதத்தில் இரண்டு மூன்று நாள் என்றால் இதெல்லாம் போதும். பாதி மாதம் இப்படித்தான் ஓடுகிறது என்றால் போனை வதைக்காமல், சிம் போடும் தனி ரௌட்டர் ஒன்றை வாங்கி ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். சூடு, பேட்டரி, அழைப்பு என்ற கவலை இருக்காது. முக்கியமாக, நீங்கள் போனை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பியதும் “நெட் போயிடுச்சு” என்று வீட்டிலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள்.